நாய்க்குச் சோறு போடுவதில்லையா?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது முதுமொழி. அதன் முழுப் பொருளையும் அறிய வேண்டுமா? பெரிய நூல்களைப் புரட்ட வேண்டாம். ஒரு நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் நம் ஊர்த் தெருக்களில் நடந்து பாருங்கள், போதும். அந்த நாய் ஊரார் கண்ணுக்குப் பழகிய அளவில் இல்லாமல் சற்றே உயர்ந்தோ, மெலிந்தோ, குட்டையாகவோ இருந்துவிட்டால், ஒரே வாரத்தில் அம் முதுமொழிக்கு நீங்களே ஓர் உரைநூல் எழுதிவிடலாம்!

நாட்டு நடப்பையும் இலக்கியத்தையும் பற்றி நண்பர்கள் எழுதும் இந்த மலரில் நாயைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் எழுதப் போவது நாயைப் பற்றி மட்டுமன்று. பிற உயிரின் உடலைக் கண்ட மாத்திரத்தில் நம் நாவின் நுனியில் வந்து நிற்கிறதே ஒரு சொல், அந்தச் சொல்லைப் பற்றி. அது நம்மை நோக்கி வரும்போது எப்படி ஏற்பது, நம்மிடமிருந்து புறப்படும்போது எப்படி ஆள்வது என்பதைப் பற்றி.

எங்கள் செவலை

எங்கள் வீட்டில் வளர்வது சிப்பிப்பாறை நாய். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இனம் அது. சாத்தூர்ப் பக்கம் வேலை பார்த்த என் தாய்மாமன் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிப் பேருந்தில் கொண்டுவந்து என் மடியில் போட்டார். செம்மண் நிறம், ஆதலால் செவலை என்று பெயர் வைத்தோம்.

இன்று செவலைக்குத் தோள் வரை உயரம் 25 அங்குலம். எடை 19 கிலோ. நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, குச்சி போன்ற கால்கள், சாட்டை போன்ற வால். இரண்டு மூன்று விலா எலும்புகள் தோலுக்கடியில் இலேசாகத் தெரியும். கரிசல் காட்டு வெட்டவெளியில் முயலை ஓடிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட உடம்பு அது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை சட்டத்திற்குப் புறம்பானது. ஆயினும் சட்டம் மாறியதைச் செவலையின் கால்கள் இன்னும் அறியவில்லை. காவிரி மணலில் அவிழ்த்துவிட்டால் கண் இமைப்பதற்குள் அக்கரையில் நிற்பான்.

சாத்தூர்ச் சீமையில் இவனைக் கண்டால், "நல்ல சாதி நாய்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் நாங்கள் இருப்பதோ காவிரிக் கரையில். வயலும் வரப்பும் வாழைத் தோப்பும் சூழ்ந்த இந்த மண்ணில் செழிப்புக்கு ஒரே அடையாளம் சதைதான். கன்றுக்குட்டி என்றால் கொழுகொழுவென்று இருக்க வேண்டும்; குழந்தை என்றால் கன்னம் தொங்க வேண்டும்; நாய் மட்டும் விலக்கா என்ன?

நாளொரு பட்டம்

மூன்று ஆண்டுகளாக நான் கேட்டு வரும் மொழிகளைத் தொகுத்தால் தனி மலரே வெளியிடலாம். சிலவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

தேநீர்க் கடை வாசலில்: "என்ன தம்பி, நாய்க்குச் சோறு போடறதில்லியா?"

இது அன்றாடம் கேட்பது. கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது.

காய்கறி அங்காடி அருகில்: "அப்பாடி! எம்மாம் ஒசரம்! இது நாயா, கன்னுக்குட்டியா?"

அடுத்த தெருமுனையில்: "பாருடா, ஓமக்குச்சி போகுது!"

பள்ளிக்குச் செல்லும் சிறுவர் கூட்டம்: "டேய், மான்டா! மானைக் கட்டி இழுத்துட்டுப் போறாருடா!"

ஆக, ஒரே காலைப் பொழுதில், அரை மைல் தொலைவுக்குள், என் நாய் கன்றுக்குட்டியாய்ப் பருத்து, ஓமக்குச்சியாய் இளைத்து, மானாய் மாறி வீடு திரும்புகிறது! பெரிது என்றவரும் சிறிது என்றவரும் கண்டது ஒரே நாயைத்தான். அப்படியானால் இவர்கள் சொல்வது நாயின் அளவையா? அல்லது தாங்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோலையா?

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்த எனக்கு எடை 52 கிலோதான். நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால் கேட்க வேண்டுமா? "ஆளுக்கே சோத்துக்கு வழியில்ல, நாய்க்கு எங்கேருந்து போடுவான்?" என்று ஒருவர் உரக்கச் சொல்ல, உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்புக்குரிய நயம் அதில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு முள்ளும் இருக்கிறது. நம் நாட்டில் ஒரு குடும்பத்தைப் பார்த்து, 'உன்னை நம்பி வந்த வாயில்லாச் சீவனுக்கு நீ சோறு போடவில்லை' என்பது சாதாரண வசையா? வறுமையையும் வன்மையையும் ஒரே மூச்சில் சுமத்தும் குற்றச்சாட்டு அது. தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து எங்களை ஆளாக்கும் என் தாய், தன் தட்டில் சோறு விழுவதற்கு முன் செவலையின் தட்டில் வைப்பவர். அவர் காதில் இச்சொல் விழுந்த அன்று அவர் முகம் வாடியதை நான் கண்டேன். "இன்னும் ரெண்டு பிடி கூடப் போட்டுப் பார்க்கலாமாடா?" என்று கேட்டார்.

இங்கேதான் இது விளையாட்டுப் பேச்சு என்னும் எல்லையைக் கடக்கிறது. தெருவில் போகிறவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தச் சொல்லை வீட்டுக்குத் தூக்கி வந்து, அதற்கேற்ப ஓர் உயிரின் உணவையே மாற்றத் தொடங்கினால் துன்பப்படப் போவது யார்?

எந்த அளவுகோல்?

தாயின் ஐயம் தீர வேண்டும் என்று செவலையைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் எடைப் பொறியைத் தேடவில்லை. இரு கைகளாலும் விலாவைத் தடவினார். மேலிருந்து இடுப்பைப் பார்த்தார். பக்கத்திலிருந்து வயிற்றைப் பார்த்தார். பிறகு என் தாயிடம் எளிய சோதனை ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்.

"அம்மா, கையை விரிச்சு, புறங்கையில விரல் எலும்பைத் தடவிப் பாருங்க. நாயோட விலாவும் அந்த மாதிரிக் கைக்குத் தெரியணும். முட்டியை மடக்கினா முண்டு முண்டா இருக்குதே, அப்படி இருந்தா நாய் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் தடவுனா எலும்பே தட்டுப்படலியே, அப்படி இருந்தா கொழுப்பு. உங்க நாய் சரியா இருக்கான். ஒரு பிடி கூடக் கூட்ட வேண்டாம்."

மருத்துவ உலகில் இதையே 1 முதல் 9 வரை மதிப்பெண் இட்டுக் கணிக்கிறார்கள். 1 என்றால் எலும்புக்கூடு. 9 என்றால் கொழுப்பு மூட்டை. 4 அல்லது 5 இருந்தால் நலம். ஓட்டத்திற்கென்றே அமைந்த இனங்களில் ஓரிரு விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரிவது நோயன்று, இயல்பு. கிரேஹவுண்டு முதலான இவ்வின நாய்கள் பாய்ந்தோடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. முதுகெலும்பு வில்லாய் வளைந்து நிமிர்கிறது. கிரேஹவுண்டு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட வல்லது. அந்த வில்லின் மீது பத்துக் கிலோ சதையை ஏற்றிவிட்டு, 'இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது' என்பது, ஓட்டப் பந்தய வீரனின் இடுப்பில் அரிசி மூட்டையைக் கட்டிவிட்டுக் கைதட்டுவது போன்றது.

உணவு மிகுதி அன்பின் அடையாளமா என்பதற்கு அறிவியல் தெளிவான விடை தந்திருக்கிறது. அமெரிக்காவில் லேப்ரடார் இனத்து 48 குட்டிகளை இரண்டிரண்டாக இணை சேர்த்து, ஒன்று உண்ணும் அளவில் 25 விழுக்காடு குறைத்து மற்றொன்றுக்குக் கொடுத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். 2002-ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. நிறைய உண்டவற்றின் இடைநிலை வாழ்நாள் 11.2 ஆண்டுகள், அளவாய் உண்டவற்றுக்கு 13 ஆண்டுகள். மூட்டு நோயும் பின்னவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. மனிதனோடு ஒப்பிட்டால் ஒரு நாயின் வாழ்வே கையளவுதான். அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை நாம் அன்பு என்று எண்ணிக் கொடுக்கும் பிஸ்கட்டுகள் தின்றுவிடுகின்றன!

எங்கள் தெருவிலேயே இதற்குச் சான்று உண்டு. ஒரு வீட்டு லேப்ரடார் நாயைக் காண்போர் எல்லாம் "ஆகா, சிங்கம் மாதிரி இருக்கான்" என்று புகழ்ந்தார்கள். புகழப் புகழ அதற்குப் பாலும் ரொட்டியும் பெருகின. இன்று அது தன் வீட்டுத் திண்ணைப் படி மூன்றையும் ஏற முடியாமல் கீழேயே படுத்துக் கிடக்கிறது. இகழ்ச்சி மட்டுமன்று நண்பர்களே, அளவறியாத புகழ்ச்சியும் உடலைக் கெடுக்கும்.

நாய்க்கு 'இயல்பான அளவு' என்று ஒன்று உண்டா என்பதே ஆராயத்தக்கது. 3 கிலோவுக்குள் அடங்கும் சிவாவா என்னும் இனமும் நாய்தான். 2011-ஆம் ஆண்டு தோள் வரை 44 அங்குல உயரம் அளக்கப்பட்டு கின்னஸ் நூலில் இடம்பெற்ற ஜீயஸ் என்னும் கிரேட் டேனும் நாய்தான். ஐ.ஜி.எஃப்.1 என்னும் மரபணுவில் காணப்படும் ஒரு வேறுபாடு நாய்களின் சிற்றுருவத்திற்குப் பெருங்காரணம் என்று 2007-இல் கண்டார்கள். உருவைச் சிறிதாக்கும் அம் மரபணுக் கூறு 50,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஓநாயிடமே இருந்தது என்று 2022-இல் அறிவித்தார்கள். மனிதன் நாயை வளர்க்கத் தொடங்கும் முன்பே இயற்கை சிறிதையும் பெரிதையும் தன் கருவூலத்தில் சேர்த்து வைத்துவிட்டது. இயற்கை இத்தனை அளவுகோல்களை வைத்திருக்க, நாம் மட்டும் ஒரே கோலைத் தூக்கிக்கொண்டு திரிவானேன்?

நான்கு வகைச் சொற்கள்

அப்படியானால் தெருவில் பேசுவோர் அனைவரும் அறிவிலிகளா? இல்லவே இல்லை. மூன்று ஆண்டு அனுபவத்தில் நான் கண்டது, வருகிற சொற்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதே. அச்சத்தில் பிறப்பவை, இரக்கத்தில் பிறப்பவை, ஆர்வத்தில் பிறப்பவை, ஏளனத்தில் பிறப்பவை என்று அவற்றை நான்காகப் பிரிக்கலாம். நான்கிற்கும் ஒரே விடை சொல்வதால்தான் வம்பு வளர்கிறது.

முதலாவது, அச்சம். "எவ்ளோ பெரிசு! கடிக்குமா?" என்று ஒருவர் ஒதுங்கினால், "கடிக்காதுங்க, சும்மா வாங்க" என்று சொல்வது விடையாகாது. கடிபட்டு ஊசி போட்டுக்கொண்ட நினைவு அவருக்கு இருக்கலாம். வெறிநாய்க்கடி நோய் முற்றி வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது மிக அரிது என்பதை அறியாதவர் யார்? தெரு எனக்கும் என் நாய்க்கும் மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதன்று. ஆகவே நான் சங்கிலியைக் குறுக்கிப் பிடிப்பேன். நாயை என் மறுபக்கத்திற்கு மாற்றுவேன். சாலையோரம் நின்று அவருக்கு வழிவிடுவேன். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருப்பதையும் சொல்வேன். அஞ்சுகிறவரிடம் வாதிடாமல் அவருக்கு இடம் விடுவதே நாய் வளர்ப்பவனின் முதற்கடமை.

இரண்டாவது, இரக்கம். படித்துறையில் ஒரு பாட்டி என்னை நிறுத்தி, "ஏம்ப்பா, வாயில்லாச் சீவனைப் பட்டினி போடலாமா? பாவம் சுத்தும்டா" என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பேரனுக்கு வாங்கிய முறுக்கில் பாதியை ஒடித்துச் செவலைக்கு நீட்டினார். அந்தக் கையை நான் எப்படித் தட்டிவிடுவேன்? சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தில் மடிந்தோர் இலட்சக்கணக்கானோர். எலும்பு தெரிந்தால் நெஞ்சு பதைப்பது அத்தகைய பஞ்சங்களைக் கண்ட சமுதாயத்தின் நெடுநாள் பழக்கம். அது பழக்கமே அன்றிப் பகையன்று. "பாட்டி, இது ஓட்டக்கார நாய். இதோட சாதியே இப்படித்தான். டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நீங்க தடவிப் பாருங்க" என்று சொல்லி அவர் கையைச் செவலையின் முதுகில் வைத்தேன். தோலின் மினுமினுப்பையும் தொடையின் இறுக்கத்தையும் தொட்டுப் பார்த்ததும், "ஆமாண்டா, கல்லு மாதிரி இருக்கானே!" என்று வியந்தார். அன்று முதல் அந்தப் படித்துறையில் யாராவது வாய் திறந்தால் பாட்டியே எனக்காக வழக்காடுகிறார்!

இத்தகைய இரக்கக் குரல் தெருவிலிருந்து மறைந்துவிட வேண்டும் என்று நான் விரும்பவில்லை. உண்மையிலேயே பட்டினி போடப்பட்ட, குடற்புழுவால் உருகிய நாய்களும் உண்டு. வளர்க்கும் விலங்கிற்குப் போதிய உணவு அளிக்காமை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். யாரோ ஒருவர் நின்று கேட்கும் ஒரு கேள்வியே ஓர் உயிரைக் காக்கக்கூடும். ஆகவே கேட்கட்டும். கேட்டுவிட்டு விடைக்காக ஒரு நொடி நிற்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

மூன்றாவது, ஆர்வம். "இது என்ன இனம்? எங்கே வாங்கினீங்க? ஏன் இவ்வளவு ஒல்லி?" என்று கேட்கும் சிறுவர்களுக்கு நான் எப்போதும் நேரம் ஒதுக்குவேன். மானா என்று கேட்ட அந்தப் பள்ளிச் சிறுவர்கள் இன்று சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராசபாளையம் என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். விலங்கியல் படிப்பவனுக்கு இதைவிட நல்ல வகுப்பறை எது?

நான்காவது, ஏளனம். இதற்கு விடை தேவையில்லை. சுடச்சுடத் திருப்பிக் கொடுக்க எனக்கும் தெரியும். "உங்க தொப்பைக்குப் போட்ட தீனியில கொஞ்சம் மிச்சம் இருந்தாக் குடுங்க" என்று ஒரு சொல் என் நாக்கில் பலமுறை வந்து நின்றதுண்டு. ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும்? நாயின் உடலை இகழ்ந்தவனுக்கு மனித உடலை இகழ்ந்து விடை சொன்னவன் ஆவேன். அவன் அளவுகோலையே நானும் கையில் எடுத்தவன் ஆவேன். ஆகவே, "சிப்பிப்பாறைங்க" என்று இனத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நடையைத் தொடர்கிறேன். ஏளனம் செய்தவர்க்கும் அந்தப் பெயர் ஒரு வாய்ப்புத் தருகிறது. மறுநாள் அதைப் பற்றிக் கேட்டால் அவர் மூன்றாம் வகைக்கு உயர்ந்துவிட்டார்!

நாட்டு நாய்தானே!

ஏளனத்திற்குள் இன்னொரு நஞ்சும் கலந்திருக்கிறது. "நாட்டு நாய்தானே, இதுக்கு ஏன் சங்கிலியும் சோடிப்பும்?" என்பார் சிலர். அயல்நாட்டு இனம் என்றால் பதினெட்டு கிலோவும் அழகு; நாட்டு இனம் என்றால் அதே பதினெட்டு கிலோ பஞ்சம்! பனி நாட்டுக்குரிய அடர்ந்த மயிர்க்கற்றை நம் சித்திரை வெயிலில் மூச்சிரைத்துத் தவிக்கும்; அதைக் கண்டு "என்ன கம்பீரம்" என்பார்கள். இந்த வெயிலுக்கென்றே குட்டை மயிரோடும் ஒட்டிய வயிற்றோடும் உருவான உடலைக் கண்டு உதட்டைப் பிதுக்குவார்கள்.

2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது இராசபாளையம் நாயும் அதில் இடம்பெற்றது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வானொலி உரையில் பிரதமர் மோடி இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அஞ்சல் தலையும் வானொலியும் செய்தது போதாது. ஒரு நாட்டினம் நிலைப்பதும் அழிவதும் தெருவில்தான் தீர்மானமாகிறது. 'எலும்பும் தோலும்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வெட்கப்படும் குடும்பம் அடுத்த முறை எந்தக் குட்டியை வாங்கும்? எண்ணிப் பாருங்கள்.

கழுதையும் தந்தையும் மகனும்

"ஊரார் சொல்வதை ஏன் காதில் போட்டுக்கொள்கிறாய்? பேசாமல் போ" என்பது நண்பர்கள் சிலர் கூறும் அறிவுரை. கழுதையோடு சந்தைக்குப் போன தந்தை மகன் கதையை நினைவூட்டுகிறார்கள். மகன் ஏறினாலும் குற்றம், தந்தை ஏறினாலும் குற்றம், இருவரும் ஏறினாலும் குற்றம், ஏறாவிட்டாலும் குற்றம். கடைசியில் கழுதையைத் தூக்கிச் சுமந்தார்கள் என்பது கதை. ஊர்ப் பேச்சைக் கேட்டால் கழுதையைச் சுமக்க வேண்டியதுதான் என்பது அவர்கள் கருத்து.

நல்ல கதைதான். ஆனால் அதற்கு நான் காணும் பொருள் வேறு. அந்தத் தந்தையும் மகனும் கெட்டது ஊராரின் பேச்சைக் கேட்டதால் அன்று. கழுதையை ஒருமுறையேனும் பார்க்காததால்! அதன் வலிமை என்ன, எத்தனை சுமை தாங்கும், எவ்வளவு தூரம் நடக்கும் என்று அறிந்திருந்தால் யார் என்ன சொன்னால் என்ன? தன் விலங்கை அறிந்தவனுக்குத் தெருப்பேச்சு இரைச்சலாகாது, பேச்சாகவே இருக்கும். அவன் சிரித்தும் விடை சொல்லலாம், நின்றும் விடை சொல்லலாம்.

காதைப் பொத்திக்கொண்டு நடப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அறியாதவரோடு வலிய வந்து பேசுவது நம் மண்ணின் குணம். "எந்த ஊரு? யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டே உறவு வளர்த்த மக்கள் நாம். அவரவர் கதவை அவரவர் சாத்திக்கொண்டு, யாரும் யாரையும் எதுவும் கேட்காத தெரு எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரு சிறு மாற்றம்தான்: தீர்ப்பாக வரும் சொல் கேள்வியாக வரட்டும். 'சோறு போடுவதில்லையா?' என்பது கேள்வியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் தீர்ப்பு. 'இந்த நாய் ஏன் இப்படி இருக்கிறது?' என்பது கேள்வி. முன்னது வாயை அடைக்கிறது. பின்னது வாயைத் திறக்கிறது.

வகுப்பறை வாசலிலும்

நண்பர்களே, இதுவரை நாயைப் பற்றிப் பேசினேன். நாய்க்கு நம் மொழி தெரியாது. ஓமக்குச்சி என்றாலும் வாலை ஆட்டும். மொழி தெரிந்தவர்கள் நிலை என்ன?

பள்ளியில் என்னோடு ஒருவன் படித்தான். பருத்த உடல், அகன்ற தோள். விளையாட்டுத் திடலில் இரும்புக் குண்டை அவன் எறிந்தால் மற்றவர் எறிந்த எல்லையைத் தாண்டிப் போய் விழும். போட்டி நாளன்று "குண்டு எறிதல்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததும் திடலே சிரித்தது. ஏனெனில் அவனுக்கு நாங்கள் வழங்கிய பெயரும் அதுவே என்பது திடல் முழுதும் தெரியும். அவன் எழுந்து வரவில்லை. அன்று மட்டுமன்று, பின் எந்நாளும் அவன் அந்தக் குண்டைத் தொடவில்லை. யாரும் அவனை அடிக்கவில்லை, வையவில்லை, விளையாட்டாகத்தான் அழைத்தார்கள். ஆனால் ஒரு விளையாட்டு வீரன் அங்கேயே முடிந்துபோனான்.

குண்டு, ஒல்லி, நெட்டை, குட்டை என்று நாம் இடும் பெயர்கள் எத்தனை! "ஏன் இப்படி எளச்சுப் போயிட்ட?" என்பதையே நலம் விசாரிக்கும் முறையாக வைத்திருக்கிறோம். நோயால் இளைத்தாளா, உழைப்பால் இளைத்தாளா, பிறவி உடலே அப்படியா என்று அறியுமுன் சொல் புறப்பட்டுவிடுகிறது. விடுதி மாணவி ஒருத்தி அச்சொல்லைக் கேட்டு உணவைக் கூட்டுகிறாளோ, குறைக்கிறாளோ, கூட்டத்தில் சேராமல் ஒதுங்குகிறாளோ, சொன்னவர் அறிவதில்லை.

உருவத்தைக் கண்டு இகழாதே, பெருந்தேருக்கும் அச்சாணி சிறிதே என்பது வள்ளுவர் கருத்து. யானையைப் போன்றவரின் நட்பை விட்டு நாயைப் போன்றவரின் நட்பைக் கொள்க என்பது நாலடியார் காட்டும் நெறி. அங்கே யானையின் பேருருவுக்கு மதிப்பில்லை. நாயின் நன்றிக்கே மதிப்பு. இவற்றை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். மதிப்பெண் வாங்கிய கருத்தைத் தெருவுக்கும் கொண்டுவருவதில் என்ன தடை?

ஆகவே நாய் வளர்ப்போருக்கு ஒரு சொல்: உங்கள் நாயின் அளவைக் கையால் தொட்டு அறியுங்கள், மருத்துவரைக் கேளுங்கள். அஞ்சுவோருக்கு வழிவிடுங்கள், இரங்குவோருக்கு விளக்கம் சொல்லுங்கள், கேட்போருக்குக் கற்றுக்கொடுங்கள், ஏளனத்தைக் கடந்து செல்லுங்கள். ஊராரின் கண்ணுக்காக ஒரு பிடியும் கூட்டாதீர்கள், ஒரு பிடியும் குறைக்காதீர்கள்.

வளர்க்காத அனைவருக்கும் ஒரு வேண்டுகோள்: நாயாயினும் ஆளாயினும், உடலைப் பற்றி ஒரு சொல் நாவில் வந்து நிற்கும்போது, அதைக் கேள்வியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் கேளுங்கள்; நின்று விடையையும் கேளுங்கள். முடியாவிட்டால் அந்தச் சொல்லை விழுங்கிவிடுங்கள். அதனால் யாருக்கும் எடை கூடாது!